பிளேட்டிங் மெஷினின் அரை வினாடி

போன மாதம் ஆம்பூரிலிருந்து ஒரு போன் வந்தது. நான் வேலை பார்த்த தோல் தொழிற்சாலையில் இப்போது மின்சாரப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் நித்யா என்ற இஞ்சினியர் பேசினார். பழைய கன்ட்ரோல் பேனலை எடுத்துவிட்டுப் புதிது வைக்கிறார்களாம். புரோகிராமை வரி வரியாகப் படித்துக்கொண்டு வந்தவருக்கு ஓரிடத்தில் சந்தேகம்.

"சார், ஃபினிஷிங்ல பிளேட்டிங் மெஷின் பெடலுக்கு அரை செகண்ட் டைமர் ஒண்ணு இருக்கு. எதுக்குன்னு யாருக்குமே தெரியல. தூக்கிடலாமா?"

"யார் போட்டதுன்னு எழுதியிருக்கா?"

"இல்ல சார். பேனல் மாத்தறப்பல்லாம் அப்படியே காப்பி பண்ணிட்டு வந்திருக்காங்க. பழைய ஆளுங்கள கேட்டா உங்க பேர சொல்றாங்க."

நான் போட்டதுதான். எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி போனை வைத்தேன். இரண்டு வரியில் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தவன், நான்கு நாளாக எழுதிக்கொண்டிருக்கிறேன். இத்தனை வருஷமாக யாரிடமும் சொல்லாத விஷயம் என்பதால் எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை.

நான் குடியாத்தத்துக்காரன். வீட்டில் பவர்லூம் ஓடியது. எனக்கு லுங்கி நெய்வதைவிட லூமின் மோட்டாரைக் கழற்றிப் போடுவதில்தான் ஆசை. ஐ.டி.ஐ. படித்தேன், இரண்டு வருஷம் மோட்டார் காயில் கட்டினேன், எழுபதுகளின் கடைசியில் ஆம்பூரில் வயர்மேனாகச் சேர்ந்தேன். அப்போது தொழிற்சாலையில் தோலைப் போட்டுச் சுழற்றிப் பதனிடும் ஒவ்வொரு டிரம்முக்கும் தனி ஸ்டார்ட்டர். பச்சைப் பொத்தானை அமுக்கினால் ஓடும், சிவப்பை அமுக்கினால் நிற்கும். அதற்கு மேல் தெரிந்துகொள்ள எதுவும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் மேலதிகாரி கரீம் சார். எலக்ட்ரிக்கல் ஃபோர்மேன். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. பேனல் கதவைத் திறப்பதற்கு முன் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போடுவார். மெயின் சுவிட்சை இறக்கி, பூட்டு போட்டு, சாவியையும் அதே பையில் போடுவார். வேலை முடிந்ததும் என்ன மாற்றினோம் என்பதைப் பேனல் கதவின் உள்பக்கம் சாக்பீஸால் எழுத வேண்டும். எழுதிய பிறகும் விடமாட்டார். "யார் யாருகிட்ட சொன்னே?" என்று கேட்பார். சொன்னவர்களின் பெயரைச் சொன்னால்தான் சாவி பையிலிருந்து வெளியே வரும். ஒரு ஃபியூஸ் மாற்றியதற்குக்கூட இந்தக் கேள்வி. "மனுஷன் பேஜார் பண்றாருப்பா" என்று முதுகுக்குப் பின்னால் நாங்கள் சிரித்திருக்கிறோம்.

எண்பதுகளின் நடுவில் முதலாளி வெளிநாடு போய்வந்தார். கூடவே ஒரு கன்ட்ரோல் பேனலும் கப்பலில் வந்தது. அதன் மூளை எலக்ட்ரிக் ரூமில் உட்கார்ந்திருக்கும். டிரம் பக்கம் நான்கு, பதனிட்ட தோலுக்கு மெருகேற்றும் ஃபினிஷிங் பிரிவில் ஒன்று என்று ஐந்து பெட்டிகள் சுவரில் தொங்கும். பொத்தான், பெடல், சென்சார், வால்வு எல்லாம் பக்கத்திலுள்ள பெட்டியில் சேரும். மூளைக்கும் ஐந்து பெட்டிகளுக்கும் நடுவே ஓடுவது இரண்டே இரண்டு கம்பி. முன்பெல்லாம் தோள் கனக்கக் கேபிள் சுமந்த எங்களுக்கு அது ஒரு வித்தையாகவே தெரிந்தது.

இது எப்படி வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொண்டால்தான் மற்றது புரியும். ஒரு ஹோட்டலில் ஒரே சர்வர், ஐந்து மேசை என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் வரிசையாகத்தான் போவார். உங்கள் மேசைக்கு வரும்போது சொன்னால் கேட்டுக்கொள்வார், அடுத்த சுற்றில்தான் தோசை வரும். அவர் அந்தப் பக்கம் திரும்பிய பிறகு வாயைத் திறந்தால் இன்னும் ஒரு சுற்று காத்திருக்க வேண்டும். அந்தப் பேனலில் இருந்த சர்வரின் நடை வேகம் வினாடிக்கு 9600 பிட். ஒரு பெட்டியிடம் பேசிப் பதில் வாங்க இருநூற்றுச் சொச்சம் பிட் ஆகும். ஐந்து பெட்டியையும் சுற்றிவர வினாடியில் எட்டில் ஒரு பங்குதான். பெடலை மிதித்தவனுக்கு அது தெரியக்கூடத் தெரியாது.

மழைக்காலம் வந்ததும் தொல்லை ஆரம்பித்தது. அந்த இரண்டு கம்பியை நாங்கள் டிரம் மோட்டார்களின் கேபிளோடு ஒரே தட்டில் போட்டிருந்தோம். இடம் மிச்சம் என்று அப்போது பெருமை வேறு. பெரிய மோட்டார் ஒன்று கிளம்பினால் போதும், கம்பியில் போகும் செய்தி கலைந்துவிடும். மூளை பயந்துபோய் எல்லா டிரம்மையும் நிறுத்திவிடும். பதனிடும் தண்ணீரில் பாதியில் நின்றுபோன தோல் திட்டுத் திட்டாகிவிடும். தினம் இரண்டு தடவை இப்படி ஆனதும் முதலாளி எலக்ட்ரிக் ரூமுக்கே வந்து நின்றார்.

கரீம் சார் இரண்டு நாள் கையேட்டைப் படித்தார். மூன்றாம் நாள் கைக்கடிகாரத்தைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு பெட்டியிலும் அரிசி அளவில் இருந்த சுவிட்சுகளை டெஸ்டர் முனையால் நகர்த்தினார். 9600 போய் 2400 ஆனது. மெதுவாகப் பேசினால் சத்தத்தின் நடுவிலும் பேச்சு புரியும் அல்லவா, அதுதான் கணக்கு. டிரம்கள் நிற்பது நின்றது. வெளிச் சத்தம் உள்ளே புகாதபடி ஷீல்டு போட்ட நல்ல கேபிளுக்குச் சொல்லியிருக்கிறோம், அதுவரை இப்படியே ஓடட்டும் என்றார்.

இனி முனிரத்தினம் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பள்ளிகொண்டாவிலிருந்து வேலைக்கு வருபவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், பிளேட்டிங் மெஷின் ஆபரேட்டர். பிளேட்டிங் என்பது தோலுக்குக் கடைசியில் பளபளப்பு ஏற்றும் வேலை. மேலே சூடான இரும்புப் பலகை, கீழே மேடை. மேடையில் தோலை விரித்துவிட்டுப் பெடலை மிதித்தால், மேடை எழும்பித் தோலைப் பலகையோடு அழுத்திப் பிடித்து, பிறகு இறங்கும். ஒரு சின்ன சுருக்கம் இருந்தாலும் அது நிரந்தரமாகப் பதிந்துவிடும், கிரேடு இறங்கிவிடும். முனிரத்தினம் போட்ட தோலில் சுருக்கம் இருக்காது. சென்னையிலிருந்து பார்வையிட வருகிறவர்கள் அவர் போட்ட கட்டைப் பிரித்தே பார்க்கமாட்டார்கள்.

மெஷின் வரும்போது இரண்டு கையாலும் அமுக்கும் பொத்தான்களோடுதான் வந்தது. இரண்டு கையும் பொத்தானில் இருந்தால் சுருக்கத்தை யார் நீவுவது? அதனால் எங்கள் பிரிவு அதற்குக் காலில் மிதிக்கும் பெடல் வைத்துக் கொடுத்தது. அந்தப் பகுதித் தொழிற்சாலைகளில் அது சர்வசாதாரணம். யாரும் அதைத் தப்பாக நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை.

2400 ஆக்கிய மறுநாள் முனிரத்தினம் என்னைக் கூப்பிட்டார்.

"இன்னா தம்பி, மெஷினுக்கு இன்னா ஆச்சு? மிதிச்சா யோசிக்குது."

"எவ்ளோ நேரம்ணா யோசிக்குது?"

"அதெல்லாம் எனுக்குத் தெரியாது. மிதிக்கறேன், சும்மா நிக்குது, அப்பறமா வருது. சில வாட்டி இன்னும் கொஞ்சம் ஜாஸ்தி நிக்குது."

கணக்குப் போட்டேன். சர்வர் நான்கு மடங்கு மெதுவாகிவிட்டார். மிதித்ததற்கும் மேடை எழும்புவதற்கும் நடுவே குறைந்தது அரை வினாடி. சர்வர் அப்போதுதான் தாண்டிப் போயிருந்தால் ஒரு வினாடி வரைகூட ஆகும். எனக்குச் சிரிப்பு வந்தது.

"அரை செகண்ட்ணா. அந்த நேரத்துல ஒரு வாட்டி தும்ம முடியாது."

"உனுக்கு அரை செகண்ட். நான் ஒரு நாளைக்கு எத்தினி வாட்டி மிதிக்கறேன்னு நின்னு பாரு."

நான் நின்று பார்க்கவில்லை. பார்த்திருந்தால், இரண்டு வாரத்தில் அவர் என்ன பழகிக்கொண்டார் என்பதைப் பார்த்திருப்பேன். தோலை விரித்து, இடது கையால் கடைசிச் சுருக்கத்தை நீவிக்கொண்டிருக்கும்போதே பெடலை மிதித்துவிடுவார். கை தோலின் ஓரத்துக்கு வந்து வெளியேறும், மேடை எழும்பும். எவ்வளவு சீக்கிரமானாலும் அரை வினாடிக்குள் அது வராது என்பதை எந்தக் கையேடும் படிக்காமல் அவர் உடம்பு தெரிந்துகொண்டது. மற்ற ஆபரேட்டர்களும் அப்படியே பழகினார்கள். லூமின் தாளத்துக்குக் கையை வீசுகிற ஜனங்களுக்கு நடுவே பிறந்து வளர்ந்தவன் நான். உடம்பு மெஷினின் நேரத்தைக் கற்றுக்கொள்ளும் என்பது எனக்குத் தெரியாது என்று சொன்னால் அது பொய்.

பத்து மாதம் அப்படியே ஓடியது. பிளேட்டிங்கில் யாரும் குறை சொல்லவில்லை. குறை வந்தது பக்கத்திலிருந்த ஸ்ப்ரே மெஷினிலிருந்து. அங்கே தோல் பெல்ட்டில் நகர்ந்து வரும், சென்சார் அதைக் கண்டதும் சாயத் துப்பாக்கிகள் திறக்கும். அரை வினாடி தாமதித்தால் ஒரு சாண் தோல் சாயம் படாமல் போய்விடும். எப்போதும் ஒரே அளவு தாமதம் என்றால் சென்சாரை முன்னால் நகர்த்திச் சமாளித்திருப்போம். ஒரு தோலுக்கு அரை, அடுத்ததற்கு முக்கால் என்று மாறிக்கொண்டே இருந்ததால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஃபினிஷிங் மேனேஜர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் சாயம் பிடிக்காத ஓரத்தைக் கையில் எடுத்துக் காட்டுவார்.

கடைசியில் ஷீல்டு கேபிள் வந்தது. வெள்ளிக்கிழமை எங்களுக்கு வார விடுமுறை, மெஷின்கள் எல்லாம் ஓய்ந்திருக்கும். காலையிலேயே வந்து, மோட்டார் கேபிள்களை விட்டு விலக்கித் தனிக் குழாயில் புதுக் கேபிளை இழுத்தேன். ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்தேன். ஐந்து பெட்டியிலும் சுவிட்சைத் திரும்ப 9600-க்கு நகர்த்தினேன். பெரிய மோட்டார்களை ஒவ்வொன்றாகக் கிளப்பிப் பார்த்தேன், ஒரு செய்திகூடக் கலையவில்லை. ஸ்ப்ரே மெஷினில் ஓர் அட்டையை விட்டேன், சரியாக விளிம்பில் துப்பாக்கி திறந்தது. பிளேட்டிங் பெடலையும் ஒரு தடவை மிதித்தேன். மிதித்த கையோடு மேடை எழும்பியது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். இன்னொரு தடவையும் மிதித்துப் பார்த்தேன். பிறகு வழக்கப்படி மெயினை இறக்கிப் பூட்டைப் போட்டேன், சாவி கரீம் சாரிடம்தான் இருந்தது.

மத்தியானம் ஜும்மா தொழுகை முடித்துக்கொண்டு கரீம் சார் வந்தார். வெள்ளை உடுப்பில் இருந்ததால் பேனலில் ஒட்டாமல் தள்ளி நின்றார்.

"முடிஞ்சுதா தேவராஜ்?"

"சூப்பரா ஓடுது சார்."

"யார் யாருகிட்ட சொன்னே?"

"இன்னைக்கு லீவு சார், யாரும் இல்ல. கதவுல எழுதிட்டேன்."

எட்டிப் பார்த்தார். '9600, கேபிள் புதுசு' என்று பெரிதாக எழுதியிருந்தேன். தலையாட்டிவிட்டுச் சாவியை எடுத்துக் கொடுத்தார். அத்தனை வருஷத்தில் ஒரு பெயர்கூட வாங்காமல் அவர் சாவி கொடுத்தது அந்த ஒரு நாள்தான். எலக்ட்ரிக் ரூமைப் பூட்டிவிட்டுப் போனால், அந்தக் கதவின் உள்பக்கத்தை எங்கள் இரண்டு பேரைத் தவிர யார் படிக்கப்போகிறார்கள் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

சனிக்கிழமை காலை நான் ஃபினிஷிங்கில்தான் இருந்தேன். ஸ்ப்ரே மெஷினைக் காட்டிப் பெயர் வாங்கிக்கொள்ளத்தான் போயிருந்தேன். மேனேஜர் ஓரம் வரை சாயம் பிடித்த தோலைத் தடவிப் பார்த்து, "இப்பதான்யா மெஷின் மாதிரி இருக்கு" என்றார். பத்தடி தள்ளி முனிரத்தினம் அன்றைய மூன்றாவது தோலை விரித்துக்கொண்டிருந்தார். கழுத்துப் பக்கம் சுருக்கம் உள்ள தோல் என்று பிறகு சொன்னார்கள். முதல் இரண்டு தோலிலும் நீவ எதுவும் இருக்கவில்லை போல.

அவர் கத்தவில்லை. பக்கத்தில் இருந்தவர்தான் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். ஓடிப்போய் அவசரப் பொத்தானை அடித்து, வால்வைக் கையால் தள்ளி மேடையை இறக்கினேன். இடது கையின் மூன்று விரல்கள். அதைப் பற்றி இதற்கு மேல் எழுதமாட்டேன். துணியைச் சுற்றிக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். முனிரத்தினம் என் முகத்தைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்.

"அவசரப்பட்டுட்டேன் தம்பி."

முதலாளியின் காரில் வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் கூடப் போகவில்லை. என் கால் நேராக எலக்ட்ரிக் ரூமுக்குப் போய்விட்டது. கரீம் சார் அங்கே கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, நான் எழுதியிருந்ததையே பார்த்துக்கொண்டு நின்றார். கடிகாரம் கையில்தான் இருந்தது. கழற்ற மறந்திருந்தார்.

"அவன் எப்ப மிதிப்பான்னு நீ பாத்திருக்கியா?" என்றார்.

"இல்ல சார்."

"நானும் பாக்கல. மத்தவனுங்கள கேட்டேன். எல்லாரும் கை உள்ள இருக்கும்போதேதான் மிதிக்கறானுங்க." காலி கேபிள் உருளையின் மேல் உட்கார்ந்துவிட்டார். "அந்த அரை செகண்ட திருப்பிப் போடு. அதுக்கப்பறம்தான் மெஷினத் தொடணும்."

கேபிளின் வேகத்தைத் தொடாமல், பெடலுக்கு மட்டும் புரோகிராமில் ஒரு டைமர் போட்டேன். நித்யா கேட்ட டைமர் அதுதான். கை வெளியே வரும்வரை மேடை எழும்பாதபடி ஒரு கம்பித் தடுப்பும் அடுத்த வாரம் வைத்தோம். அதை முதலிலேயே வைத்திருக்க வேண்டும். டைமருக்கு அப்புறம் வேலையே இல்லாமல் போயிற்று, ஆனால் எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

சாயந்திரம் கரீம் சார் ஒரு தாளை நீட்டினார். விபத்து அறிக்கை. கை உள்ளே இருக்கும்போது ஆபரேட்டர் பெடலை மிதித்தார், அந்த நேரத்தில் மெஷின் நல்ல நிலையில் இருந்தது என்று எழுதியிருந்தது. அவர் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது. எலக்ட்ரிஷியன் என்று எழுதிய இடம் காலியாக இருந்தது.

"சார், வேகத்த மாத்தனத எழுதலயே?"

"எழுதலாம். நீயும் போவே, நானும் போவேன். அவன் விரல் வருமா?"

அதில் இருந்த ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. மெஷின் நல்ல நிலையில்தான் இருந்தது, பத்து மாதத்தில் அன்றுதான் அது அவ்வளவு நன்றாக இருந்தது. அப்போது எனக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். கையெழுத்துப் போட்டேன். கரீம் சார் தாளை மடித்து வாங்கிக்கொண்டார், என் முகத்தைப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு "யார் யாருகிட்ட சொன்னே?" என்று அவர் என்னைக் கேட்டதே கிடையாது. ஓய்வு பெறும் வரைக்கும் கேட்கவில்லை.

மூன்று மாதம் கழித்து முனிரத்தினம் திரும்பி வந்தார். கவனக்குறைவு என்று மெமோ கொடுத்திருந்தார்கள். மெமோ வாங்கியவரை மெஷினில் நிறுத்தக்கூடாது என்பது ஆபீஸின் விதி. தோல் அடுக்கும் குடோனில் கட்டுகளுக்குச் சீட்டுக் கட்டும் வேலை கொடுத்தார்கள். ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் எலக்ட்ரிக் ரூம் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"தம்பி, வலது கை நல்லா கீது. இதுலயும் நீவிடுவேன். இப்பதான் தடுப்பு வேற வெச்சிக்கீறீங்க. மெமோவ எடுத்துட்டா மெஷினுக்குப் போயிடலாம்ன்றாங்க. கரீம் சார்கிட்ட நீ ஒரு வார்த்த சொல்லு. இனிமே அவசரப்பட மாட்டேன்."

அவர் எதுவும் கொடுக்கச் சொல்லிக் கேட்கவில்லை, அந்த மெஷினுக்குத் திரும்பப் போக வேண்டும் என்றுதான் கேட்டார். நான் உண்மையைச் சொன்னால் மெமோ கிழிந்துபோகும்.

"பாக்கறேன்ணா" என்றேன்.

பார்க்கவில்லை. ஒரு வாரம் தள்ளிப் போட்டேன், பிறகு ஒரு மாதம். குடோன் வழியாகப் போக வேண்டிய வேலைகளுக்கு வேறு ஆளை அனுப்பினேன். அவர் மறுபடி கேட்கவில்லை. ஒரு வருஷம் கழித்து வேலையை விட்டுவிட்டுப் போய்விட்டார்.

சில வருஷம் கழித்துப் பள்ளிகொண்டா பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன். இடது கையைத் துண்டால் மூடியிருந்தார். கூட அவர் மனைவி. நான் நழுவப் பார்த்தேன், அதற்குள் கூப்பிட்டுவிட்டார்.

"இவருதான் தேவராஜி. அன்னைக்கு என் கைய வெளிய எடுத்தவரு. கை வெச்சா மெஷின் பறக்கும், அப்பிடி வேலக்காரன்" என்று மனைவியிடம் சொன்னார். அந்த அம்மா என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். முனிரத்தினம் பன்னீர் சோடா வாங்கிக் கொடுத்தார். "எம் புள்ளைங்களுக்கும் சொல்றேன், எதுலயும் அவசரப்படக்கூடாதுடான்னு கைய காட்டிச் சொல்றேன்" என்றார். அந்த சோடாவை நான் முழுசாகக் குடித்தேன். பஸ் வந்ததும் ஏறிக்கொண்டேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு முன்பே அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். கரீம் சாரும் இல்லை. இரண்டு பேரின் சாவுக்கும் போய்வந்தேன்.

நித்யா, உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான். மெஷினுக்கு அந்த டைமர் தேவையில்லை, தடுப்பு சரியாக இருந்தால் தாராளமாக எடுக்கலாம். ஆனால் லீவு நாளில் எடுக்காதீர்கள். பிளேட்டிங்கில் நிற்கும் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, மேடையில் தோல் இல்லாமல் பத்து தடவை மிதிக்க வையுங்கள். அவர்கள் கண்ணால் பார்க்கட்டும். பேனல் கதவில் எழுதினேன் என்று யாராவது சொன்னால் சாவியைக் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று. ஆபீஸில் பழைய விபத்து அறிக்கைகள் இருந்தால் என் கையெழுத்து உள்ளதைத் தேடி எடுங்கள். இந்தத் தாள்களை அதோடு சேர்த்துக் குத்தி வையுங்கள். இதன் நகல் ஒன்றை எடுத்துக்கொண்டு நாளை நான் பள்ளிகொண்டா போகிறேன். அவர் பிள்ளைகள் அங்கேதான் இருக்கிறார்கள் என்று விசாரித்து வைத்திருக்கிறேன். உங்கள் அப்பா அவசரப்படவில்லை, அவர் எப்போதும் மிதிக்கும் நேரத்தில்தான் மிதித்தார், நேரத்தை மாற்றியவன் நான் என்று அவர்களிடம் சொல்ல வேண்டும்.